கிருமி கொடுத்தவனுக்கு மருந்து எங்கே?

நம் விடுதியில் உலக அரசியல் பேசாத இரவு இல்லை. ஆயினும், 2025 மே 20-ஆம் நாள் ஜெனிவாவில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்ளைநோய் ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கிரிக்கெட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கு இதற்குக் கொடுக்கலாகாதா?

அதன் உயிர்நிலை ஒரே கேள்விதான். ஒரு நாட்டில் புதுக் கிருமி தோன்றினால் அதை உடனே உலகுக்குக் கொடு என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கொண்டு செய்த மருந்து அந்நாட்டுக்கு எப்போது வரும்?

இதை உரக்கக் கேட்டது இந்தோனேஷியா. பறவைக் காய்ச்சல் கிருமியை அது உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அனுப்பிவந்தது. பிறநாட்டுக் கம்பெனி அதிலிருந்து தடுப்பூசி செய்ய முற்பட்டது. அந்த ஊசியோ ஏழை நாட்டுக்கு எட்டாத சரக்கு! 2007-இல், இனிக் கிருமி தருவதற்கில்லை என்று இந்தோனேஷியா கையை மடக்கிக்கொண்டது. பிடிவாதம் என்று பழித்தார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் 2011-இல் இன்ஃபுளுயென்ஸாவுக்கு மட்டுமாவது ஒரு பங்கீட்டு ஏற்பாடு பிறந்தது.

கொரோனாவுக்கு அதுவும் உதவவில்லை. 2021 நவம்பரில் போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டறிந்து ஒளிக்காமல் அறிவித்தனர். பரிசு என்ன? அவர்கள் நாட்டு விமானங்களுக்குத் தடை!

புதிய ஒப்பந்தப்படி, இந்த ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள் கொள்ளைநோய்க் காலத்து உற்பத்தியில் 20 சதவீதத்தை ஸ்தாபனத்துக்குக் கிடைக்கச் செய்வது இலக்கு. அதில் குறைந்தது 10 சதவீதம் இலவசம். மீதி கட்டுப்படியாகும் விலைக்கு. விவரங்களை அப்போது முடிக்காமல் ஓர் இணைப்புக்குத் தள்ளிவைத்தார்கள். இணைப்பு நிறைவேறிய பின்னரே கையெழுத்து. ஐந்தில் ஒரு பங்கு எனக்குச் சொற்பமாகவே படுகிறது. எனினும், கிருமி கைமாறுமுன் கம்பெனி கையெழுத்திட வேண்டும் என்ற விதி இருக்குமானால் அதை ஏற்பேன். இல்லையேல் அது வெறும் தருமச் சீட்டு.

நம் நாட்டையும் சொல்லவேண்டும். 2020 அக்டோபரில் காப்புரிமையைத் தளர்த்துமாறு தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து கேட்டோம், பெருமைதான். 2021-இல் இரண்டாம் அலை வந்ததும் தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தினோம். கோவாக்ஸ் திட்டத்தின் வழியே புனே ஊசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் கையறு நிலையில் நின்றன. நம் வீடு எரிந்தபோது வேறென்ன செய்வது என்பீர்கள். எரியும்போது எந்த நாடும் அதையே சொல்லும், நண்பர்களே! ஆகவேதான் எரியாதபோதே எழுதிவைக்கச் சொல்கிறேன், நம் கம்பெனிகளையும் கட்டும்படியாக.

மருத்துவம், சட்டம் பயிலும் அன்பர்கள் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவைச் சங்கக் கூட்டத்தில் ஒரு மாலை விளக்க முன்வருவார்களா? நான் முதல் வரிசையில் இருப்பேன்.