ரெண்டு பக்கமும் சாதகக் காற்று!

ஆடி மாசத்தில் வ. புதுப்பட்டியிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். போகும்போது மலைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும்; நாக்குத் தள்ளிவிடும். ரோடு ஒன்றுதான், நேரம்தான் ரெண்டு.

ஆகாயத்திலும் இதே கதைதான் சார். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. 'ஜெட் ஸ்ட்ரீம்' என்று பெயர்.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன்னுடைய டெல்லி - சான்பிரான்சிஸ்கோ விமானத்தை, அட்லாண்டிக் வழியை விட்டு பசிபிக் பக்கம் கிழக்கே திருப்பியது. பழைய வழி 13,900 கிலோமீட்டர். புது வழி 15,300. அதாவது 1,400 கிலோமீட்டர் சுற்று! ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட சுமார் ரெண்டு மணி நேரம் மிச்சம்.

எங்கள் தெருப் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் மகனுக்கு அந்த ஊரில்தான் வேலை.

"சரிப்பா, திரும்பி வரும்போது எதிர்க்காத்துதானே?"

"இல்லை பெரியம்மா. அட்லாண்டிக் வழியா வந்தா அப்பவும் கிழக்கேதான் பறக்கணும். அதுவும் சாதகக் காத்துதான்."

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டு பக்கமும் காத்து தள்ளிவிடுதுங்கிறே. பொறவு ஏம்ப்பா இவன் மூணு வருசமா வரலே?"

விமானம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று சொல்லிவிடலாம். மகனுக்கு லீவு எப்போது வரும் என்று நான் எங்கே போய்க் கேட்க?