சிறுகுறிஞ்சான் பொட்டலமும் நம் வாய்ச்சொல்லும்

அரூர், பென்னாகரம் பக்கம் மளிகைக் கடைகளிலும் இப்போது சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன. வியாபாரம் நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர், "அண்ணா, இதைச் சாப்பிட்டா சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்?

மூலிகையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. அவர் சாப்பிடுவது மெட்பார்மின் என்றால், அதற்கும் மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவின் கலேகா செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, நஞ்சும் இருந்தது. அதே இனத்துப் பொருள் ஒன்றை ரசாயன முறையில் செய்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை 1957-ல் பிரான்சில் டாக்டர் ஸ்டெர்ன் வெளியிட்டார். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினும் சீன மூலிகை ஒன்றில் கிடைத்ததே. அதற்காக தூ யூயூ அம்மையார் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்.

சிறுகுறிஞ்சானையும் சென்னைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். இலையிலிருந்து எடுத்த சாரத்தை, மாத்திரையோடு சேர்த்து, 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது. நம்மவர்கள் அந்த ஐந்து பேரைத்தான் பேசுகிறார்கள். மீதி 17 பேரை யாரும் பேசுவதில்லை. கொடுத்ததும் அளவு பார்த்த சாரம், மூட்டையில் வந்த பொடி அல்ல. (இலையை மென்றபின் சர்க்கரை மண்ணாக இருக்கிறதே என்பார்கள். அது நாக்கின் ருசி மறைவது. ரத்தத்துக்குச் சாட்சி அல்ல.)

மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காம்பும் மண்ணும் வேறு இலையும் கலந்து வந்த சரக்கை நாமே திருப்பி அனுப்பியிருக்கிறோம். பொடித்துவிட்டால் எந்த இலை என்று நமக்கே தெரியாது. மொத்த வியாபாரிகள் இலையாகவே அனுப்பட்டும், எந்த மலையில் பறித்தது என்று சீட்டில் எழுதட்டும். விலை சற்றுக் கூடினாலும் நாம் கொடுக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. லேபிளும் பொட்டலக் காகிதமும் வாயால் அறிவிப்பதும் அதில் விளம்பரமே.

அந்தக் கேள்விக்கு நம் பதில் இதுதான்: "மாத்திரையை நிறுத்தாதீங்க. இதையும் சாப்பிடறதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டும் சேர்ந்தா சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம்." அப்படிச் சொன்னதால் ஒரு பொட்டலம் விற்காமல் போனால் போகட்டும்.