கூப்பனா, குதிரா?

விளைந்ததை மொத்த விலைக்கு விற்கிறோம், சாப்பிடுவதைச் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். கடலையை மண்டியில் போட்டுவிட்டு, திரும்பி வரும் வழியில் பாக்கெட் எண்ணெய் வாங்கி வரும் உழவர் வீடுகள் எங்கள் ஆலங்குடிப் பக்கம் நிறைய உண்டு. இப்போது டவுனில் சூப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பில்லுக்கும் அடியில் ஒரு கூப்பன். மளிகைச் செலவைக் குறைக்க அதுதான் வழி என்று நம்ம ஆட்களே பேசுகிறார்கள். வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தக் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம்.

'1,500 ரூபாய்க்கு வாங்கினால் அடுத்த முறை 100 ரூபாய் தள்ளுபடி' என்பது வழக்கமான கூப்பன். நம் சீட்டில் உள்ள சாமான் 1,180 ரூபாய்க்குத்தான் வருகிறது. மீதி 320 ரூபாய்க்கு பிஸ்கட்டும் நூடுல்ஸும் கூடையில் ஏறும். அந்த 100 ரூபாயை எடுக்க அடுத்த முறையும் 1,500க்கு வாங்க வேண்டும். ஆக 3,000 ரூபாய்க்கு 100 ரூபாய், அதாவது 3.3 சதவீதம். அதற்காக வாங்கிய வேண்டாத சாமானோ 10 சதவீதத்துக்கு மேல். கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்தான். குறை சொல்ல மாட்டேன், அவர் தொழில் அது.

தள்ளுபடியை எம்.ஆர்.பி.யில் இருந்துதான் கழித்துக் காட்டுவார்கள். எம்.ஆர்.பி. என்பது பாக்கெட் போட்டவரே அச்சடித்த உச்ச விலை. சந்தை விலை அதுவல்ல. 240 என்று அச்சடித்து 179க்குக் கொடுத்தால், அதே பருப்பு மொத்தக் கடையில் மூட்டையிலிருந்து என்ன விலை என்றுதான் கேட்க வேண்டும். இன்னொன்று, அளவு. 2021இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, இன்ன இன்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, ஓர் அலகுக்கு என்ன விலை என்பதை அச்சடிக்கச் சொன்னார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது கிராம் கணக்கில் '0.18' என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 180. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும், மஞ்சள் ஸ்டிக்கர் எதையும் பார்க்க வேண்டாம். எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். ஒரு பாக்கெட்டில் மில்லி, பக்கத்துப் பாக்கெட்டில் கிராம் என்று இருந்தால் விலையை நேராக ஒப்பிட முடியாது.

சோப்பு, தீப்பெட்டி, உப்பு, டீத்தூள் இதெல்லாம் நாம் விளைவிப்பதில்லை. எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், கூப்பன் இருந்தால் கொடுங்கள். காய்கறியில் நம் தோட்டத்தில் இல்லாததற்கு உழவர் சந்தை இருக்கிறது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், எந்த ஆஃபரும் அதன் கிட்டே வராது. நிலம் உள்ளவன் ரேஷன் வரிசையில் நிற்பதா என்ற வீண் ரோஷம் சிலருக்கு. வாங்குங்கள். பாமாயிலுக்குப் பதிலாக நம் கடலெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடு என்ற கோரிக்கையையும் விடாமல் கேட்போம்.

ஆனால் நிஜமான மிச்சம் இருப்பது வருடச் சாமானில். நம் பாட்டிமார் தை முதல் சித்திரைக்குள் வீட்டை நிரப்பிவிடுவார்கள். தை, மாசியில் துவரையும் மஞ்சளும், மாசியில் மல்லியும், மாசி பங்குனியில் புளியும் மிளகாயும் வரும். விளைந்த இடத்தில் விலை இறங்கியிருக்கும் காலம் அதுதான். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஏற்பட்ட மாத மளிகைப் பழக்கம், வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் கையில் காசு பார்க்கும் நமக்கு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் தெரியவில்லை.

'பணம் முடங்குமே சார்' என்பார்கள். 10,000 ரூபாய்க்கு வருடச் சாமான் வாங்கினால் அது மாதாமாதம் தீர்ந்துகொண்டே வரும். சராசரியாக 5,000 ரூபாய்தான் முடங்கியிருக்கிறது. 7 சதவீத வட்டி போட்டாலும் 350 ரூபாய். அதாவது விலையில் மூன்றரை சதவீத வித்தியாசம் இருந்தாலே வட்டி கழிந்துவிடும். புளியிலும் மிளகாயிலும் அறுவடைக் கால விலைக்கும் ஐப்பசி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பருப்பில் மட்டும் கொஞ்சம் உஷார். 2021 மே மாதத்தில் துவரை இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தபிறகு, வைத்திருக்கும்போதே விலை இறங்கும் வருடமும் வரலாம். அதனால் பருப்பு ஆறு மாதத்துக்குப் போதும்.

கையில் காசில்லை என்றால்? கிசான் கிரெடிட் கார்டு வரம்பைக் கணக்கிடும்போது, பயிர்க்கடன் அளவோடு 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். பயிருக்கு ஒரு லட்சம் என்றால் இதற்கு 10,000. உழவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்களும் எடுத்துச் சொல்வதில்லை. வட்டி 7, தவணை தவறாமல் கட்டினால் 4. கடையில் இரண்டு மாதக் கடனுக்கு விலையில் 5 சதவீதம் கூட்டிப் போட்டால் அது வருடத்துக்கு 30 சதவீத வட்டி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக் காப்பதும் பெரிய வித்தையில்லை. முழுப் பயறில்தான் வண்டு விழும். உடைத்துப் பருப்பாக்கினால் பெரும்பாலும் தப்பிக்கும். துவரைக்குச் செம்மண் கட்டலாம். புளியைக் கொட்டை நீக்கி உப்புப் போட்டு மண்பானையில் அடைத்தால் வருடம் தாங்கும். மிளகாய் கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அதுவரை வெயிலை விட்டு எடுக்காதீர்கள்.

எண்ணெய்க் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். கடலைப் பருப்பு கிலோ 120 என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ 1,200, செக்குக் கூலி 100. எண்ணெய் நாலு லிட்டர் வரும். புண்ணாக்கு ஐந்தரை கிலோ, கிலோ 45 என்றால் ஏறக்குறைய 250 ரூபாய், அது நம் மாட்டுக்கு. ஆக லிட்டர் 262 ரூபாய் சொச்சம். ஆஃபரில் ரீஃபைண்ட் 145க்குக் கிடைக்கும்போது இது விலை கூடுதல்தான். ஆனால் எங்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் ரீஃபைண்ட் ஓடிய இடத்தில் இப்போது 3 லிட்டர் செக்கெண்ணெய் போதுகிறது. 725 ரூபாய் இருந்தது 786 ஆகியிருக்கிறது. நம் பாரம்பரிய அரிசியைக் கிலோ 80, 90 என்று டவுன்காரரிடம் விற்கும்போது, 'நல்ல பொருளுக்கு நல்ல விலை கொடுங்க' என்று சொல்கிறோமே. இந்த 61 ரூபாய்க்கு நாம் கணக்குப் பார்த்தால் அவர் ஏன் பார்க்க மாட்டார்?

மிளகாய் விஷயத்தில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ராமநாதபுரம் பக்கம் மருந்தடிக்காமல் முண்டு மிளகாய் போடும் ஒருவரிடம் மொத்தமாக எடுக்கிறோம். வியாபாரி அவருக்குக் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் கூட்டிக் கொடுத்தும், லாரி பார்சல் வாடகை போக, எங்களுக்குக் கடை விலையைவிடக் குறைவாகத்தான் அடக்கமாகிறது. பதிலுக்கு அவர் எங்களிடம் தூயமல்லி அரிசி இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டார். இந்த மாசிக்கு மல்லியையும் இதே மாதிரி எடுக்கலாமென்று விருதுநகர் பக்கம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.