யந்திரச் சதுரங்கமும் நியாயமான பந்தயமும்

மனிதர்கள் சதுரங்கம் ஆடினால், தோற்றவர் சொல்வதற்கு ஆயிரம் சமாதானம் உண்டு. தலைவலி என்பார், இரவு தூக்கமில்லை என்பார், எதிராளி காலை ஆட்டிக்கொண்டே இருந்தான் என்பார். யந்திரத்துக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. ஆகையால் யந்திரங்களுக்குள் உலக சாம்பியன் யார் என்று தீர்மானிப்பது வெகு சுலபம் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் 50 வருஷங்களாகியும் தீராத விவகாரம் அது.

முதல் உலகப் பந்தயம் 1974-ல் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் நடந்தது. கலந்துகொண்டவை 13 புரோகிராம்கள். புரோகிராம் என்பது, கம்ப்யூட்டர் இன்னபடி யோசித்து இன்னபடி காய் நகர்த்த வேண்டும் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதி. ருஷ்யாவின் 'கைஸ்ஸா' நாலு ஆட்டம் ஆடி நாலிலும் ஜயித்தது. அமெரிக்காவின் பலம் வாய்ந்த 'செஸ் 4.0' வேறொரு புரோகிராமிடம் ஓர் ஆட்டத்தைக் கோட்டை விட்டது. கைஸ்ஸாவைச் சந்திக்கும் பாக்கியமே அதற்குக் கிட்டவில்லை. பட்டம் வழங்கியான பிறகு, கணக்கில் சேராத ஆட்டமாக இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். சமமாக முடிந்தது!

பள்ளிக்கூடத்தில் மார்க்குப் போட்டே காலந்தள்ளும் நமக்கு இந்த நாலு ஆட்டக் கணக்கு சற்றும் பிடிக்கவில்லை. 16 குழந்தைகளை உட்காரவைத்து, ஜோடி ஜோடியாகக் காசு சுண்டச் சொல்லுங்கள். ஜயித்த 8 பேர் தங்களுக்குள் மறுபடி சுண்டட்டும். பிறகு 4 பேர். பிறகு 2 பேர். நாலாவது சுற்று முடிந்ததும் ஒரு குழந்தை நாலுக்கு நாலு வாங்கிக்கொண்டு நிற்கும். காசு சுண்டுவதில் அந்தக் குழந்தைக்கு விசேஷ சாமர்த்தியம் என்று யாராவது சொல்வார்களா? ஒத்த புள்ளி பெற்றவர்களையே மேலும் மேலும் மோதவிடும் இந்த ஏற்பாட்டுக்கு 'ஸ்விஸ் முறை' என்று பெயர். திருவிழாவுக்கு அது பொருத்தம், பரீட்சைக்குப் போதாது. கைஸ்ஸா கெட்டிக்காரப் புரோகிராம் அல்ல என்று நாம் சொல்ல வரவில்லை. அதை நிரூபிக்க நாலு ஆட்டம் காணாது என்றுதான் சொல்கிறோம். 1986-ல் கொலோன் நகரில் நாலு புரோகிராம்கள் சம புள்ளியில் வந்து நின்றபோது, உபரிக் கணக்குப் பார்த்து 'கிரே பிளிட்ஸ்' என்பதற்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள்.

அடுத்தது, ஆடும் யந்திரத்தைப் பற்றிய தகராறு. 1995-ல் ஹாங்காங்கில், ஐ.பி.எம். கம்பெனியாரின் 'டீப் புளூ' முன்மாதிரியை, கடையில் கிடைக்கும் சாதாரணப் பென்டியம் கம்ப்யூட்டரில் ஓடிய 'பிரிட்ஸ்' வீழ்த்திப் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போயிற்று. எளியவன் வலியவனை வென்றான் என்று கேட்கும்போது யாருக்கும் மனம் குளிரத்தான் செய்யும். ஆனால் அது ஒரே ஓர் ஆட்டம். அதே டீப் புளூ வம்சம்தான் 1997-ல் மனித சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது.

எல்லோரும் ஒரே விதமான யந்திரத்தில் ஆடட்டுமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். 'ஸ்டாக்பிஷ்' போன்றவை சாதாரணச் செயலியில் நன்றாக ஓடும். தானே ஆடி ஆடிக் கற்றுக்கொள்ளும் 'லீலா' போன்றவைக்கோ சித்திர வேலைக்கென்று ஏற்பட்ட வேறு ஜாதிச் செயலி வேண்டும். 2017-ல் 'ஆல்பா ஜீரோ', ஸ்டாக்பிஷை 100 ஆட்டத்தில் 28-ல் வென்று, மீதி 72-ஐயும் சமமாக முடித்தது. உலகமே வியந்தது. ஆனால் ஒன்றுக்குக் கூகிள் கம்பெனியாரின் பிரத்தியேகச் செயலிகள். இரண்டுக்குமே நகர்த்தல் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று கறாரான அளவு. கஷ்டமான இடத்தில் அதிக நேரம் செலவிடும் ஸ்டாக்பிஷின் திறமைக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. இரு தரப்புக்கும் ஒரே அளவு மின்சாரம் என்று வைத்தால் ஓரளவு நியாயம் கிடைக்கும் என்பது நம் கட்சி. இதிலும் குற்றம் காண்பவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

புரோகிராம் யாருடைய சொந்தச் சரக்கு என்பதையும் பார்க்க வேண்டும். 'ரிப்கா' பிறர் எழுதியதை எடுத்தாண்டது என்று பந்தயம் நடத்திய சங்கத்தார் 2011-ல் முடிவுகட்டி, அது வரிசையாகப் பெற்ற நாலு பட்டங்களையும் பறித்தார்கள். அந்தத் தீர்ப்பே சரிதானா என்று நிபுணர்களுக்குள் பலத்த அபிப்பிராய பேதம் உண்டானது. வருஷக்கணக்காக உழைத்தவர்களின் மானம் சம்பந்தப்பட்டது. பரிசு கொடுத்த பின் விசாரிப்பதைவிட, பெயர் பதியும்போதே விசாரிப்பது மேல்.

இவ்வளவுக்கும் நடுவில் நமக்கு மிகவும் பிடித்தது, 2010-ல் ஆரம்பமான 'டாப் செஸ் எஞ்ஜின் சாம்பியன்ஷிப்' என்னும் பந்தயத்தார் கையாளும் யுக்தி. ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களை அவர்களே நிர்ணயித்துவிடுகிறார்கள். அதே நிலையிலிருந்து இரண்டு ஆட்டம்: முதலில் வெள்ளைக் காய் வைத்திருந்தவர் அடுத்ததில் கறுப்பு. நிலை எவ்வளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், சாய்வு இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது. முடிவான பந்தயமோ 100 ஆட்டம்! 2019-ல் லீலா அதில் ஸ்டாக்பிஷை 53½–46½ என்று வென்றது. லீலா 14 ஆட்டத்தில் ஜயம், 7-ல் தோல்வி. பாக்கி 79-ம் சமம். இத்தனை சம ஆட்டங்களை யார் உட்கார்ந்து பார்ப்பது? அதற்காகவே வேண்டுமென்றே கோணலான ஆரம்ப நிலைகளைப் பொறுக்கித் தருகிறார்கள். இருவரும் வெள்ளையில் ஜயித்தால் ஜோடிக் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. ஒருவர் வெள்ளையில் ஜயித்து, கறுப்பில் தோற்காமல் தப்பினால்தான் ஒரு புள்ளியாவது முன்னே போகலாம்.