‘ஸ்மூத்’ என்றால் நேர் என்று யார் சொன்னது?

முடி மாஸ்க் ஒப்பீட்டு வீடியோக்களில் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. ரிக்ரொக்கில் வாறது, யூரியூப்பில் வாறது, இப்ப எங்கட ஊர்ப் பிள்ளைகள் தமிழிலேயே செய்யிறது, எல்லாத்திலயும் இதே முறைப்பாடுதான். ஐந்து டப்பாவை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பூசி, கழுவி, பிறகு ட்ரையரை எடுத்து, உருண்டை பிரஷ்ஷால் இழுத்து இழுத்துக் காயவைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முடியைச் சுழற்றிக் காட்டுவார்கள். “பாருங்கோ, என்ன ஷைனிங்!” அந்த மினுக்கத்தில் பெரும் பங்கு ட்ரையருடையது. மிச்சம் கொஞ்சம் ஜன்னலுடையது. மாஸ்க்குக்கு எவ்வளவு சேரும் என்று அந்த வீடியோவைப் பார்த்து ஒருத்தராலும் சொல்ல ஏலாது.

உனக்கு வேற வேலை இல்லையா, இதெல்லாம் ஒரு விசயமா என்று கேட்பீர்கள். (கேட்டும் விட்டார்கள், எங்கட ஹொஸ்டலிலேயே.) மஹாபொலக் காசு 5,000 ரூபாயாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. ஒரு இறக்குமதி மாஸ்க் டப்பா அதில் பாதியை அப்படியே தின்னும். அப்ப அது விசயம்தான். 2022 ஓகஸ்டில் டொலர் இல்லாமல் 300 வகைப் பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தினபோது அந்தப் பட்டியலில் ஷம்புவும் இருந்தது. அதுக்காக எங்கட தலைமுடி கொட்டிப் போகவும் இல்லை.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத பொருள். அதுக்குப் “போஷாக்கு” கொடுக்க முடியாது, நகத்துக்குச் சோறு தீத்த முடியாத மாதிரி. முடியின் மேற்பரப்பு ஓட்டுக்கூரை போல. சின்னச் சின்னச் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், அதுக்கு மேல மெல்லிய கொழுப்புப் படை ஒன்று. ப்ளீச், ரீபொண்டிங், ஒவ்வொரு நாளும் அயன் பிடிக்கிறது எல்லாம் அந்தக் கொழுப்பை அழித்து ஓடுகளைக் கிளப்பிவிடும். சேதமான இடத்தில் எதிர் மின்னேற்றம் கூடும். கொண்டிஷனரில் நேர் மின்னேற்றமுள்ள ஒரு பொருள் இருக்கும். பெஹென்ட்ரிமோனியம் குளோரைட் என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். அது போய் அந்த இடத்தில் ஒட்டும். கூடவே சீட்டரைல் அல்கஹோல் என்று ஒரு கொழுப்பு அல்கஹோல், டைமெதிகோன் என்று ஒரு சிலிக்கோன். செதில்கள் படியும், விரல் வழுக்கும், வெளிச்சம் நன்றாகத் தெறிக்கும். பல முறை முழுகும்போது அது கழன்று போகும்.

இது கொண்டிஷனரின் கதை. மாஸ்க்கின் கதை? பெரும்பாலும் இதே கதைதான், கொஞ்சம் தடிப்பாக, வாயகன்ற டப்பாவில். கடையில் ஒரே கம்பெனியின் கொண்டிஷனரையும் மாஸ்க்கையும் எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. முதல் ஐந்தாறு பெயர்கள் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும். பல நாடுகளின் விதிப்படி லேபிளில் பொருட்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசைப்படுத்த வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு விரும்பின ஒழுங்கில் போடலாம். முன்பக்கத்தில் பெரிசாகப் படம் போட்ட ஆர்கன் எண்ணெய் பின்பக்கத்தில் வாசனைத் திரவியத்துக்கும் பிறகு வந்தால், அது எத்தனை துளி என்று நீங்களே கணக்குப் பாருங்கோ. இந்த லேபிளும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், எறும்பு எழுத்தில். ஒப்பீடு செய்யிற ஆட்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பி ஒருநாளும் காட்டினதில்லை.

அழகுசாதனக் கம்பெனிகள் தங்கட பொருளைச் சோதிக்கிற முறையில் ஒன்று அரைத்தலைச் சோதனை. நடுவகிடு எடுத்து, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றது. ஒரே ஆள், ஒரே தண்ணி, ஒரே நாள். எங்கட அறையில் மூன்று பேர் அதைச் செய்து பார்த்தோம். ஒரு பக்கம் இறக்குமதி மாஸ்க் (வெளிநாட்டு மாமி அனுப்பினது), மறுபக்கம் பக்கத்துக் கடைச் சாதாரணக் கொண்டிஷனர், ரெண்டும் பத்து நிமிடம். ட்ரையர் இல்லை, காற்றில் காய்ந்தது. எந்தப் பக்கம் எது என்று தெரியாத அடுத்த அறைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள். ரெண்டு பேரின் தலையில் வித்தியாசத்தை ஒருத்தராலும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது பிள்ளை ரீபொண்டிங் செய்தவள். அவளுக்கு மட்டும் மாஸ்க் பக்கம் சீப்பு லேசாக இறங்கினது. மூன்று தலையை வைத்துக்கொண்டு இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து டப்பா வீடியோவை விட இது நேர்மையான வேலை.

இன்னொன்றையும் அந்த வீடியோக்கள் தொடுவதில்லை: தண்ணி. மலையகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வாற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே சொல்லுறது, “இங்க வந்து முடி தும்பு மாதிரிப் போச்சு.” மனப்பிரமை இல்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கின நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறோம், அதில்தான் குளிக்கிறோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியிறதே, அதே கல்சியம் முடியிலும் படியும், சேதமான முடியில் இன்னும் கூட. சவர்க்காரம் போட்டுத் தலை கழுவினால் ரெண்டும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒரு படை. அதுக்கு மேல மாஸ்க்கைப் பூசுறது தூசு துடைக்காமல் பொலிஷ் போடுற வேலை. மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலை அதில் செய்யலாம். இல்லாட்டி ஒரு வாளி தண்ணிக்கு அரைத் தேசிக்காய் பிழிந்து அலசிவிட்டு, உடனே நல்ல தண்ணியால் ஒருக்கா ஊற்றலாம். அதிகம் பிழியாதேங்கோ, தோல் எரியும். வேறு ஊர்த் தண்ணியில் முழுகிறவர்கள் செய்த ஒப்பீட்டைப் பார்த்து வாங்கிவிட்டு, எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன்னை நொந்துகொள்ளுறாள். அதுதான் எனக்குக் கோபம்.

சரி, அம்மம்மா வைத்தியம்தான் சிறந்தது என்கிறாயா? இல்லை. அந்தப் பக்கமும் அளந்துவிடுகிற ஆட்கள் குறைவில்லை. முட்டை பூசினால் புரதம் ஏறும் என்பது பொய். முட்டைப் புரதத்தின் மூலக்கூறு முடிக்குள் நுழையிற அளவில் இல்லை. சுடுதண்ணி ஊற்றினால் தலையில் பொரியல்தான் மிஞ்சும். செவ்வரத்தை இலையும் ஊறவைத்த வெந்தயமும் நல்ல பொருட்கள். அந்த வழுவழுப்பு ஈரமுடியில் சிக்கெடுக்க உண்மையாகவே உதவும். ஆனால் சரியாக வடிக்காவிட்டால் ரெண்டு நாளைக்கு விரிவுரை மண்டபத்தில் தோளில் இலைத்தூள் கொட்டும். தேங்காயெண்ணெய்க்கு மட்டும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. 2003இல் வெளியான ஒரு ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் போறதைத் தேங்காயெண்ணெய்தான் குறைத்தது. அதிலுள்ள லோரிக் அமிலம் முடிக்குள் போகக்கூடியது, மற்ற ரெண்டும் அப்படி இல்லை என்று விளக்கினார்கள். ஆனால் அந்த ஆய்வைச் செய்தது மும்பையில் தேங்காயெண்ணெய் விற்கிற மரிக்கோ கம்பெனியின் ஆய்வுப் பிரிவு. முடிவு பிழை என்று சொல்ல வரவில்லை, எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் “இயற்கை” என்று வாறதுக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி நிற்கலாம்.

இனித் தலைப்புக்கு வாறேன். மினுக்கம் என்பது வெளிச்சம் தெறிக்கிற விதம். நேரான முடிகள் ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் கண்ணாடி மாதிரி ஒரே திசையில் தெறிக்கும். சுருள்முடியில் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு பக்கம் தெறிக்க, ஒளி சிதறிவிடும். முடி எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் சுருட்டை முடிக்காரி அந்தப் போட்டியில் தோற்பாள். போட்டியின் விதியே அப்படி. வழுவழுப்பு என்பது விரலுக்குத் தெரியிற விசயம். சுருள்முடியும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் வீடியோவில் “ஸ்மூத்” என்று சொல்லும்போது காட்டுறது நேரான முடியை. “முன்னால்” படத்தில் சுருள், “பின்னால்” படத்தில் நேர். சுருள் ஒரு வருத்தம், நேர் அதுக்குச் சுகம் என்று சொல்லாமல் சொல்லுறார்கள்.

இதை ரிக்ரொக் கொண்டுவரவில்லை. எங்கட பள்ளிக்கூடங்களில் எப்பவோ தொடங்கினது. எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைப் பின்னல் போடு, நெற்றியில் ஒரு மயிர் சிலும்பக் கூடாது. நேர்முடிக்காரிக்கு அது ஐந்து நிமிட வேலை. சுருள்முடிக்காரிக்குக் காலமை அரை மணித்தியாலம், அதுக்குப் பிறகும் “தலை வாரேல்லையோ?” என்ற ஏச்சு. வகுப்பில் வைக்கிற பட்டமும் தெரியும்: காப்பிலி. போர்த்துக்கேயர் காலம் தொடக்கம் ஆபிரிக்காவிலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மனிதரைக் குறித்த சொல் அது. அவர்களின் சந்ததி இப்பவும் புத்தளத்தில், சிறாம்பியடியில் இருக்கிறது. பாடுறார்கள், ஆடுறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறார்கள். எங்களுக்கு அவர்களைப் பற்றித் தெரிந்த ஒரே விசயம், ஒரு பிள்ளையின் தலையைப் பார்த்து அவமானப்படுத்த அவர்களின் பெயர் உதவும் என்பது. சாதி பற்றியும் இனவாதம் பற்றியும் ஒப்படைக்குப் பக்கம் பக்கமாக எழுதுற நாங்கள்தான் கன்ரீனில் இந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

அந்த வெட்கத்தோடு வளர்ந்தவள் மாஸ்க் வாங்குவாள். மாஸ்க் முடியை நேராக்காது, அதால் முடியவும் முடியாது. ஏமாந்த பிறகு அடுத்த படி சலூன். இப்ப சலூன்களில் “கெரட்டின் மாஸ்க்” என்று ஒன்றைச் சொல்லுறார்கள். பூசிவிட்டு அயனால் சூடாக்கினால் அது மாஸ்க் இல்லை, முடியை நேராக்கும் இரசாயனம். இந்த வகைப் பொருட்கள் பலதில் போர்மல்டிஹைட் இருந்தது, அல்லது சூட்டில் அது வெளியேறினது. போர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அதுக்குப் பிறகு “போர்மல்டிஹைட் இல்லை” என்ற லேபிளோடு வந்தவற்றில் கிளையொக்சிலிக் அமிலம் உள்ளவையும் உண்டு. 2024இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் பிரான்ஸ் வைத்தியர்கள் எழுதினது: 26 வயதுப் பெண், முடியை நேராக்கின மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பூசின கிரீமில் அந்த அமிலம் 10 சதவீதம். அமெரிக்காவில் 33,000க்கு மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2022இல் வந்தது. நேராக்கும் பொருட்களை வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் பாவித்தவர்களிடம் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வாறது 1.64 சதவீதத்திலிருந்து 4.05 ஆகக் கூடும் என்று அதில் கணித்திருந்தார்கள். இது தொடர்பு மட்டும்தான், காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நடக்காது. ஆனாலும் கதவை மூடின, ஏசி போட்ட சின்ன அறையில் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிக்கிற வேலைக்காரப் பிள்ளையையும் யோசித்துப் பாருங்கோ.

முடியை நேராக்காதே என்று நான் ஒருத்திக்கும் சொல்ல வரவில்லை. அவளின் தலை, அவளின் காசு, அவளின் விருப்பம். என் கோபம், அது “சேதத்தைத் திருத்துறது” என்று விற்கப்படுவதில்தான். சேதமே இல்லாத சுருள்முடிக்குச் சேதம் என்று பெயர் வைத்து, உண்மையான சேதத்தைக் காசுக்குச் செய்து, பிறகு அதுக்கு ஒரு மாஸ்க்கையும் விற்கிறார்கள்.

சலூனுக்குப் போறது என்று முடிவெடுத்தால் போத்தலைக் கேளுங்கோ, லேபிளைப் படம் எடுங்கோ. வேறு போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறோம், லேபிள் இல்லை என்றால் கதிரையை விட்டு எழும்புங்கோ. கண்ணோ மூக்கோ எரிந்தாலும் அப்படித்தான். ஒப்பீட்டு வீடியோ செய்யிற அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ட்ரையரை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கிணத்துத் தண்ணியில் முழுகி, நடுவகிடு எடுத்துச் செய்யுங்கோ. டப்பாவின் பின்பக்கத்தைக் கமராவுக்கு ஒரு நிமிடம் பிடியுங்கோ. ஒரு சுருள்முடிக்காரியையும் கூப்பிடுங்கோ, சீப்பு எந்தப் பக்கம் லேசாக இறங்குது என்று அவளிட்டயும் கேளுங்கோ.