கடற்காவல் தெருவில் தொடங்குகிறது

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயரிட்டு வாழ்ந்தவர் தமிழர். மும்பையில் குடியேறிய தமிழர்க்கும் கடல் அயலானதன்று. தாராவியின் ஓரமாகச் செல்லும் மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தில் அரபிக்கடலோடு கலக்கிறது. மாதுங்கா, செம்பூர் பகுதிகளின் மழைநீர்க் கால்வாய்களும் ஓடைகள் வழியே இறுதியில் கடலையே சேர்கின்றன. ஆகவே, தெருவோரம் எறியப்படும் நெகிழிப் பை கடலில் எறியப்பட்டதற்கு ஒப்பாகும்.

நெகிழி எளிதில் மட்குவதில்லை. வெயிலாலும் அலையாலும் சிதைந்து நுண்துகள்களாக மாறுகிறது. அவற்றை மீன்கள் இரையென்று எண்ணி விழுங்குகின்றன. மீன் சிக்கவேண்டிய வலையில் குப்பை சிக்கினால், மும்பையின் தொல்குடியினரான கோலி மீனவரின் பிழைப்பும் கெடுகிறது. நிலத்தில் வாழ்வோரும் தப்புவதில்லை. 2005 சூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்போது குப்பையால் அடைபட்ட கால்வாய்கள் வெள்ளம் வடியத் தடையாயின.

இந்நிலையை மக்களால் மாற்ற இயலுமா? இயலும் என்பதற்கு வெர்சோவா கடற்கரை சான்று. 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர், 84 வயதான அண்டை வீட்டார் ஒருவருடன் அங்குக் குப்பை அகற்றத் தொடங்கினார். மீனவர், மாணவர், குடிசைவாழ் மக்கள் எனப் பலரும் வாரந்தோறும் இணைந்தனர். 2016இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது வழங்கியது. 2018 மார்ச்சில், பல்லாண்டுகளுக்குப் பின், பங்குனி ஆமைக் குஞ்சுகள் அக்கரையிலிருந்து கடலுக்குச் சென்றன.

எனினும், அலைகள் மீண்டும் குப்பையைக் கொண்டுவருகின்றனவே எனச் சிலர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. திறந்த குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதால் ஈரம் நீங்காது. எனவே, குப்பை ஆற்றை அடையுமுன் தடுப்பதே முதற்பணி.

அப்பணியைத் தாராவி நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அங்குள்ள 13ஆம் காம்பவுண்டு பகுதியில் தொழிலாளர்கள் பழைய நெகிழியை வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கின்றனர். பின்னர் அதனை அரைத்துக் கழுவி, உலர்த்தி, உருக்கி, புதிய பொருள்களுக்குரிய மணிகளாக்குகின்றனர். இவர்கள் கைபட்ட நெகிழி கடலுக்குச் செல்வதில்லை. விருதுகள் கடற்கரையைத் தூய்மை செய்வோரைத் தேடி வருகின்றன. இத்தொழிலாளர்களுக்கோ கையுறையும் முகக்கவசமும் கூடப் பலவேளைகளில் கிடைப்பதில்லை. கடலைக் காப்போர் வரிசையில் இவர்களுக்கும் உரிய இடம் அளிப்பதே நீதி.

மக்கள் முயற்சி மட்டும் போதுமானதன்று. ஒவ்வொரு சந்திலும் நாள்தோறும் குப்பை அள்ளுவதும் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி வெளிவிடுவதும் மாநகராட்சியின் கடமை. மகாராட்டிர அரசு 2018இல் நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது. ஆனால், கடைக்குத் துணிப்பையோடு செல்லும் வழக்கம் வீடுகளில் வேரூன்றினால்தான் அச்சட்டம் பயன் தரும். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால், பிரிப்போரின் உழைப்பும் நோயும் குறையும்.

அரசு தன் கடமையையும் மக்கள் தம் கடமையையும் தவறாது செய்யும்போது கடல் தூய்மை பெறும். அதற்கான முதற்செயல் கடற்கரையில் அன்று, வீட்டு வாசலிலேயே நிகழவேண்டும்.