கட்டுமுன் நிலத்தடியைப் படிப்போம்

2024 ஆகஸ்டு 23ஆம் தேதி, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்த இந்தியச் சுற்றுப்பயணி, ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு நம்மவர்கள் துணியெடுக்கச் செல்லும் வட்டாரம் அது. நம் காலடியில் என்ன இருக்கிறது என்று அன்று பலரும் கேட்டோம்.

தலைநகரின் பல பகுதிகள் சுண்ணாம்புப் பாறைமேல் நிற்கின்றன. மழைநீர் அப்பாறையை மெல்லக் கரைத்துக் குகைகளை உண்டாக்கும். இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. துளையிட்டுச் சோதித்ததால் முன்பே தெரிந்தது. கோபுரங்களை ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள்.

அந்தச் சோதனையை நகரம் முழுமைக்கும் விரிப்பதே நிலத்தடி முப்பரிமாண மாதிரி. கட்டுமானங்களுக்காகப் போட்ட துளைகளின் விவரங்களைக் கணினியில் இணைத்தால் மண், பாறை, நிலத்தடி நீர் ஆகியவற்றின் அமைப்பு புலப்படும். இரு துளைகளுக்கு நடுவே ஒரு குகை ஒளிந்திருக்கலாம். விவரம் கூடக்கூட ஊகம் குறையும். சிங்கப்பூர் 2019இல் மரினா பே உள்ளிட்ட மூன்று வட்டாரங்களின் நிலத்தடித் திட்டங்களை வெளியிட்டது.

என் கருத்து இதுதான்: துளை விவரங்கள் மேம்பாட்டாளரின் அலமாரியில் முடங்காமல் பொதுச் சொத்தாக வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகே கட்டட அனுமதி தர வேண்டும். மேற்படிப்பைத் தேடும் மாணவர்களே, உங்கள் பட்டியலில் நிலவியலையும் சேருங்கள்.